முதலாளிகள் அழைத்து வந்த இராணுவம்: பிரேசில் 1964–1985, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராணுவ ஆட்சி என்றதும் நமக்குத் தோன்றுவது தெருவில் நிற்கும் டாங்கியும் கறுப்புக் கண்ணாடி போட்ட தளபதியும்தான். பிரேசிலின் 21 ஆண்டு இராணுவ ஆட்சிக்கு அந்தப் படம் பாதிதான் பொருந்தும். அங்கே டாங்கி கிளம்புவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்பே செக் புத்தகங்கள் கிளம்பிவிட்டன. அதனால்தான் அந்நாட்டு வரலாற்றாசிரியர்கள் பலர் இன்று அதை வெறும் இராணுவ சர்வாதிகாரம் என்று எழுதுவதில்லை. ‘சிவில்-இராணுவ சர்வாதிகாரம்’ என்கிறார்கள். அந்த ‘சிவில்’ என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதுதான் கீழே உள்ள கேள்விகளின் அடிநாதம்.

1964-இல் என்னதான் நடந்தது? முதலில் கதையைச் சொல்லுங்கள்.

பதவியேற்ற ஏழே மாதத்தில், 1961 ஆகஸ்டில், ஜனாதிபதி ஜானியோ குவாட்ரோஸ் ராஜினாமா செய்தார். சட்டப்படி துணை ஜனாதிபதி ஜோவாவ் குலார்ட் வரவேண்டும். அவர் அப்போது சீனாவுக்குப் போயிருந்தார். முப்படை அமைச்சர்களும் அவரை நாற்காலியில் உட்கார விடமாட்டோம் என்றார்கள். கடைசியில், அதிகாரத்தைப் பிரதமர் என்ற புதுப் பதவிக்கு மாற்றிவிட்டு, பெயரளவு ஜனாதிபதியாக அவரை ஏற்றார்கள். 1963 ஜனவரியில் நடந்த பொது வாக்கெடுப்பில் மக்கள் அந்த ஏற்பாட்டைத் தூக்கி எறிந்து, முழு அதிகாரத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

1964 மார்ச் 31 அன்று மினாஸ் ஜெரைஸ் மாநிலத்து ஜுயிஸ் டி ஃபோரா நகரிலிருந்து ஒரு ஜெனரல் படையோடு ரியோவை நோக்கிக் கிளம்பினார். ஏப்ரல் 2 அதிகாலையில் செனட் தலைவர் ஜனாதிபதி பதவி காலியாகிவிட்டதாக அறிவித்தார். வேடிக்கை என்னவென்றால், குலார்ட் அப்போது நாட்டுக்குள்ளேயே, போர்ட்டோ அலெக்ரே நகரில் இருந்தார். ஏப்ரல் 11 அன்று, எதிர்ப்பாளர்கள் பலர் களையெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் ஜெனரல் காஸ்டெலோ பிராங்கோவை ஜனாதிபதியாகத் ‘தேர்ந்தெடுத்தது’. நாடாளுமன்றத்தைப் பூட்டாமல் அதைக் கொண்டே முத்திரை குத்த வைத்ததைக் கவனியுங்கள். சட்டப்படிதான் நடந்தது என்று காட்டுவதில் இந்த ஆட்சிக்குக் கடைசி வரை ஓர் ஆசை இருந்தது.

குலார்ட் கம்யூனிஸ்டா?

இல்லை. தென் கோடியில் சாவோ போர்ஜாவில் ஆயிரக்கணக்கான மாடுகளும் பெரும் நிலமும் வைத்திருந்த பண்ணைக்காரர் அவர். அவர் மீதான கோபம் சித்தாந்தத்தில் தொடங்கவில்லை. சம்பளத்தில் தொடங்கியது.

1954-இல் அவர் ஜனாதிபதி வர்காஸின் அரசில் தொழிலாளர் அமைச்சர். குறைந்தபட்சக் கூலியை இரட்டிப்பாக்க வேண்டும் என்றார். உடனே எண்பதுக்கும் மேற்பட்ட கர்னல்களும் லெப்டினன்ட் கர்னல்களும் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். இப்படிக் கூட்டினால் பாமரத் தொழிலாளியின் கூலி பட்டதாரியின் சம்பளத்தைத் தொட்டுவிடும் என்பது அதிலிருந்த புலம்பல்களில் ஒன்று. குலார்ட் பதவி இழந்தார். கூலி உயர்வு மட்டும் அந்த மே தினத்தில் வந்தே விட்டது. அந்த அறிக்கையை எழுதியவர் என்று பரவலாகச் சொல்லப்படுபவர் கோல்பெரி டோ கோட்டோ இ சில்வா என்ற அதிகாரி. பெயரை நினைவில் வையுங்கள், திரும்பத் திரும்ப வருவார்.

1962-இல் பதிமூன்றாம் சம்பளம் வந்தது. அதாவது ஆண்டு முடிவில் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாக. நம் ஊர் போனஸ் மாதிரி. அந்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று ‘ஓ குளோபோ’ நாளிதழ் முதல் பக்கத்தில் போட்ட தலைப்பு, பதிமூன்றாவது மாதச் சம்பளம் நாட்டுக்குப் பேரழிவாகக் கருதப்படுகிறது என்பது. யார் அப்படிக் கருதினார்கள் என்று கேட்கக் கூடாது. ஜூலையில் குலார்ட் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் நிலம். 1964 மார்ச் 13 அன்று ரியோவின் சென்ட்ரல் ரயில் நிலையத்து எதிரே பெருங்கூட்டத்தின் முன் இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தார். ஒன்று, தனியார் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, மத்திய அரசின் நெடுஞ்சாலை, ரயில் பாதைகளை ஒட்டிய 10 கிலோமீட்டருக்குள் உள்ள பெரும் பண்ணை நிலங்களைக் கையகப்படுத்தலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஓட்டு கொடுக்க வேண்டும் என்று வேறு பேசினார். 1960-இல் பெரியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு எழுத்தறிவு இல்லை. அவர்கள் அத்தனை பேரும் வாக்குச்சாவடிக்கு வந்தால் வடகிழக்குக் கரும்புத் தோட்ட முதலாளிகளின் கதி என்ன? அவர்களுக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

முதலாளிகள் திட்டம் போட்டார்களா, இல்லை இராணுவம் வந்த பிறகு ஒட்டிக்கொண்டார்களா?

இரண்டு வகையும் உண்டு. ஆனால் திட்டம் போட்டவர்கள் இருந்தார்கள் என்பதில் ஐயமே இல்லை. 1961 நவம்பரில் ரியோ, சாவோ பாவ்லோ தொழிலதிபர்கள் சேர்ந்து ‘இபெஸ்’ என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வெளியே பார்த்தால் பொருளாதார ஆய்வு, கருத்தரங்கு, புத்தக வெளியீடு. உள்ளே வேலையே வேறு. சினிமாக் கொட்டகைகளிலும் தொழிற்சாலைகளிலும் ஓட்டப் பிரச்சாரக் குறும்படங்கள் எடுத்தார்கள். பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் தயாரித்தார்கள். பெண்கள் அமைப்புகளுக்குப் பணம் கொடுத்தார்கள். தனிமனிதர்களைப் பற்றிய தகவல் கோப்புகளை லட்சக்கணக்கில் சேர்த்தார்கள். கோப்பு சேர்க்கும் பிரிவின் தலைவர், இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த நம் கோல்பெரி.

கவிழ்ப்பு முடிந்து மூன்று மாதம் ஆகவில்லை, எஸ்.என்.ஐ. என்ற தேசிய உளவு நிறுவனம் பிறந்தது. அதன் முதல் தலைவரும் கோல்பெரிதான். இபெஸ்ஸின் கோப்புகள்தான் அதற்கு மூலதனம். முதலாளிகள் காசு போட்டுச் சேர்த்த கோப்பு அப்படியே அரசாங்கக் கோப்பாகிவிட்டது. அந்தப் பதவியை விட்ட சில ஆண்டுகளில் அவர் டௌ கெமிக்கல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பிரேசில் தலைவர். 1974-இல் மறுபடி ஜனாதிபதி மாளிகை, சிவில் அமைச்சரவைத் தலைவர். ஒரே ஆளின் பயோடேட்டாவைப் படித்தாலே இந்த ஆட்சி என்ன ரகம் என்று தெரிந்துவிடும்.

இந்த நட்பு ஒரே நாளில் முளைத்ததல்ல. 1949-இல் தொடங்கிய உயர் போர்க் கல்லூரி என்ற ரியோ நிறுவனத்தில் அதிகாரிகளோடு தொழிலதிபர்கள், வழக்கறிஞர்கள், உயர் அரசு ஊழியர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள். உள்நாட்டு எதிரி, தேசப் பாதுகாப்பு என்ற பாடங்களை ஒன்றாகக் கேட்டவர்கள் 1964-இல் ஒருவருக்கொருவர் புதியவர்கள் இல்லை.

லட்சக்கணக்கானோர் இராணுவத்துக்கு ஆதரவாகப் பேரணி போனார்களே, அது மக்கள் ஆதரவு இல்லையா?

போனார்கள். 1964 மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள். சாவோ பாவ்லோவின் ரிபப்ளிக் சதுக்கத்திலிருந்து பேராலயம் உள்ள சே சதுக்கம் வரை ‘சுதந்திரத்துக்காகக் கடவுளோடு குடும்பத்தின் பேரணி’. கையில் ஜெபமாலையோடு பெண்கள் முன்னால் நடந்தார்கள். ஐந்து லட்சம் பேர் என்பது அந்நாளைய மதிப்பீடு. இரண்டு வாரம் கழித்து ஜனாதிபதி பதவி காலி என்று அறிவித்த செனட் தலைவரும் அங்கே இருந்தார்.

அதைக் கூலிக்குப் பிடித்த கூட்டம் என்று தள்ளிவிட மாட்டேன். நடுத்தர வர்க்கத்துக்கு உண்மையான பயம் இருந்தது. 1963-இல் பணவீக்கம் ஏறத்தாழ 80 சதவீதம். மாதச் சம்பளக்காரர் வீட்டில் மாதக் கடைசி எப்படி இருந்திருக்கும்? கியூபாவில் புரட்சி நடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பாதிரியார்கள் பிரசங்கத்தில் கம்யூனிசப் பூச்சாண்டி.

ஒரு சின்னப் பொருளைச் சொல்கிறேன். 1964 மே மாதம் சாவோ பாவ்லோவில் ஒரு பெரிய பத்திரிகைக் குழுமம் ‘பிரேசிலின் நன்மைக்காகத் தங்கம்’ என்று ஒரு வசூலைத் தொடங்கியது. புது அரசின் கஜானாவை நிரப்ப நகை கொடுங்கள் என்று அழைப்பு. வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். பதிலுக்கு ஒரு பித்தளை மோதிரம். ‘பிரேசிலின் நன்மைக்காகத் தங்கம் கொடுத்தேன்’ என்று அதில் பொறித்திருக்கும். பழைய குடும்பங்களின் பெட்டிகளில் அந்தப் பித்தளை மோதிரம் இன்றும் கிடைக்கிறது. ஆதரவு பொய்யில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அதே மார்ச்சில் இபோப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பெரிய நகரங்களில் எடுத்த கணிப்பில் குலார்ட்டுக்கு நல்ல ஆதரவு தெரிந்தது. அது அன்று வெளியாகவில்லை. பல்லாண்டு கழித்துத்தான் காப்பகத்திலிருந்து வெளியே வந்தது. பேரணியின் படம் மறுநாளே முதல் பக்கத்தில் வந்தது.

எல்லாம் அமெரிக்கா செய்ததுதானே?

அமெரிக்கா தயாராக இருந்தது. தூதர் லிங்கன் கார்டன் ஊக்கம் கொடுத்தார். ‘பிரதர் சாம்’ என்ற பெயரில் ஒரு விமானம் தாங்கிக் கப்பலையும் எண்ணெய்க் கப்பல்களையும் பிரேசில் கரையை நோக்கி அனுப்பினார்கள். தேவைப்படவில்லை, பாதி வழியில் திரும்பின. உள்ளூர் ஆட்களே இரண்டு நாளில் வேலையை முடித்துவிட்டார்கள். வாஷிங்டன் மேல் மட்டும் பழியைப் போடுவது சாவோ பாவ்லோ முதலாளிகளுக்கு ரொம்ப வசதி.

ஆட்சி வந்ததும் முதலாளிகளுக்கு என்ன கிடைத்தது?

முதலில் அமைதி. தொழிற்சாலை அமைதியைச் சொல்கிறேன். சில மாதங்களில் நூற்றுக்கணக்கான தொழிற்சங்கங்களுக்குத் தேர்ந்தெடுத்த தலைவர்கள் போய், அரசு நியமித்த ஆட்கள் வந்தார்கள். 1964 ஜூனில் வந்த வேலைநிறுத்தச் சட்டத்தில் வேலைநிறுத்தம் செய்ய உரிமை இருந்தது. செய்வதற்கு வழி இல்லை. அத்தனை நிபந்தனை.

அடுத்தது சம்பளச் சூத்திரம். திட்ட அமைச்சர் ராபர்ட்டோ காம்போஸ் காலத்தில் வந்தது இது. சம்பளத்தைத் தொழிலாளியும் முதலாளியும் பேசித் தீர்மானிக்க வேண்டாம், அரசே கணக்குப் போட்டுச் சொல்லும். கடந்த 24 மாதங்களின் சராசரி மெய்ச் சம்பளத்தை எடு, வரப்போகும் பணவீக்கத்துக்குக் கொஞ்சம் சேர், உற்பத்தித் திறனுக்குக் கொஞ்சம் சேர். கேட்க நியாயமாக இருக்கிறது அல்லவா? சூட்சுமம் அந்த ‘வரப்போகும் பணவீக்கம்’ என்ற இடத்தில். அரசு அதைக் குறைவாகவே ஊகித்தது. ஒவ்வொரு ஆண்டும் சம்பளம் கொஞ்சம் பின்தங்கியது. தொழிற்சங்கங்களின் புள்ளிவிவர அமைப்பான தியெசெயின் கணக்கில், 1964-இல் குறைந்தபட்சக் கூலிக்கு இருந்த வாங்கும் சக்தி பத்தே ஆண்டில் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்துவிட்டது.

மூன்றாவது, 1966-இல் வந்த எஃப்.ஜி.டி.எஸ். நிதி. அதற்கு முன் பத்தாண்டு ஒரே இடத்தில் வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்க முடியாது. புதுச் சட்டத்தில் முதலாளி மாதம் 8 சதவீதம் ஒரு கணக்கில் போட்டுவிட வேண்டும். தொழிலாளியை எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். தொழிலாளி விரும்பினால் மட்டும் இதில் சேரலாம் என்றுதான் சட்டம் சொன்னது. சேரமாட்டேன் என்றவருக்கு வேலை கிடைக்கவில்லை. சம்பள உயர்வு மாதம் நெருங்கும்போது பழைய ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, அதே வேலைக்குக் குறைந்த சம்பளத்தில் புது ஆட்களை எடுப்பது பல ஆலைகளில் வாடிக்கையானது.

‘பொருளாதார அதிசயம்’ உண்மைதானே?

உண்மை. 1968 முதல் 1973 வரை ஆண்டுக்குச் சராசரியாக 10 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி. ரியோ-நித்தெரோய் பாலம், அமேசான் காட்டைக் கிழித்துக்கொண்டு போன நெடுஞ்சாலை, கார்த் தொழிற்சாலைகள் எல்லாம் கண்முன் எழுந்தன. 1967-இல் 38 வயதில் நிதியமைச்சரான டெல்ஃபிம் நெட்டோதான் இதன் நாயகன். முதலில் கேக் பெருக்கட்டும், பிறகு பங்கு போடலாம் என்ற வாசகம் அவர் பேரில் ஊரெல்லாம் உலவுகிறது. தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். சொன்னாரோ இல்லையோ, கேக் எப்படிப் பங்கானது என்று பாருங்கள்: 1960-இல் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்தை வைத்திருந்த மேல்தட்டுப் பத்து சதவீதத்தினர், 1970-இல் ஏறத்தாழ 47 சதவீதத்தை வைத்திருந்தார்கள். பொருளாதாரம் நன்றாக இருக்கிறது, மக்கள்தான் கஷ்டப்படுகிறார்கள் என்று ஜனாதிபதி மெடிசியே ஒப்புக்கொண்டார்.

டெல்ஃபிம் பற்றி இன்னொன்று. 1968 டிசம்பர் 13 அன்று ஐந்தாம் நிறுவன ஆணை வந்தது. நாடாளுமன்றம் பூட்டப்பட்டது, அரசியல் வழக்குகளில் ஆட்கொணர்வு மனு இல்லை என்றானது. அதற்கான கூட்டம் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. ஆணையை முழுக்க ஆதரித்ததோடு, இது போதாது என்று நினைக்கிறேன் என்றும் டெல்ஃபிம் சொன்னார். சீருடைக்காரர் அல்ல, பொருளாதாரப் பேராசிரியர். நாடாளுமன்றம் இல்லாவிட்டால் வரிச் சட்டங்களை ஆணையாகவே போட்டுவிடலாமே.

சித்திரவதைக்கும் முதலாளிகளுக்கும் என்ன தொடர்பு?

பலரும் நம்பத் தயங்கும் பகுதி இது. 1969 ஜூலையில் சாவோ பாவ்லோவில் ‘ஓபான்’ தொடங்கியது. இராணுவம், போலீஸ் இரண்டும் சேர்ந்த வேட்டைப் படை. இடம் துதோயா தெருவில் ஒரு போலீஸ் நிலையத்தின் பின்கட்டு. அரசு வரவுசெலவில் அதற்குச் சரியான ஒதுக்கீடு இல்லை. வங்கியாளர்களும் தொழிலதிபர்களும் பணம் திரட்டிக் கொடுத்தார்கள், வாகனங்கள் கொடுத்தார்கள் என்பதை 2014-இல் வெளிவந்த தேசிய உண்மை ஆணையத்தின் அறிக்கையும் பதிவு செய்திருக்கிறது.

இதில் மிகவும் பேசப்படும் பெயர் ஹென்னிங் போய்லெசன். டென்மார்க்கில் பிறந்தவர், சமையல் எரிவாயுக் கம்பெனியான உல்ட்ராகாஸின் தலைவர். பணம் வசூலித்ததோடு நிற்காமல் விசாரணைக் கூடத்துக்கும் வந்து போனார் என்று தப்பிப் பிழைத்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். 1971 ஏப்ரல் 15 அன்று ஆயுதக் குழுவினர் அவரை நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார்கள்.

தொழிற்சாலைக்குள்ளேயே நடந்ததும் உண்டு. 1972-இல் சாவோ பெர்னார்டோவில் வோக்ஸ்வாகன் ஆலையில் ஒரு கருவித் தொழிலாளி இரவு வேலையில் இருந்தார். முதுகில் துப்பாக்கி முனை. ஆலை அலுவலகத்துக்கே கொண்டுபோய், கம்பெனியின் காவலர்கள் இருக்கும்போதே அடித்தார்கள். பிறகுதான் போலீஸ் தலைமையகம். கம்பெனிப் பாதுகாப்புப் பிரிவு தொழிலாளர்களைக் கண்காணித்துப் போலீசுக்குத் தகவல் கொடுத்து வந்தது. 2020-இல் வோக்ஸ்வாகன் அரசு வழக்கறிஞர்களோடு உடன்பாடு செய்துகொண்டு ஏறத்தாழ 3.6 கோடி ரெயால் (பிரேசில் நாணயம்) கொடுக்கச் சம்மதித்தது.

ஆதரித்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்களா?

இல்லை. முன்னாள் ஜனாதிபதி குபிச்செக் செனட்டராகக் காஸ்டெலோ பிராங்கோவுக்கு ஓட்டுப் போட்டார். இரண்டு மாதத்தில் அவருடைய அரசியல் உரிமைகளையே பறித்தார்கள். சாவோ பாவ்லோ ஆளுநர் அடெமார் டி பாரோஸ் கவிழ்ப்பின் தூண்களில் ஒருவர்; 1966-இல் பதவி போனது. ரியோவில் முழங்கிய ஆளுநர் கார்லோஸ் லாசெர்டா அடுத்த ஜனாதிபதி தான்தான் என்று நம்பியிருந்தார். 1968-இல் அவரும் அவுட். ‘கொரேயோ டா மான்ஹா’ நாளிதழ் கவிழ்ப்பு நேரத்தில் ‘போதும்!’ என்றும் ‘வெளியே போ!’ என்றும் தலையங்கம் எழுதியது. கைதுகளையும் சித்திரவதையையும் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பியது. விளம்பரம் வறண்டு, நெருக்கடி முற்றி, 1974-இல் மூடப்பட்டது.

குலார்ட்டுக்கு நெருங்கிய முதலாளிகளின் கதி இன்னும் மோசம். பானேர் டோ பிரேசில் என்ற பெரிய விமானக் கம்பெனியின் பறக்கும் உரிமத்தை 1965 பிப்ரவரி 10 அன்று ஒரு தந்தியில் ரத்து செய்தார்கள். அன்றிரவே ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய அதன் பயணிகளைப் போட்டிக் கம்பெனியான வாரிக் ஏற்றிக்கொண்டு பறந்தது. விமானமும் ஊழியர்களும் முன்கூட்டியே தயார். தனிச் சொத்துரிமையைக் காக்க வந்த புரட்சி என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் செய்த காரியம் இது.

அந்தக் காலத்தில் ஊழல் இல்லை என்கிறார்களே?

ஊழல் செய்தி இல்லை. தணிக்கை இருந்தது.

முதலாளிகள் எப்போது கைவிட்டார்கள்?

1973 எண்ணெய் விலை உயர்வுக்குப் பிறகு பணம் சுருங்கியது. கடன் வாங்கி வண்டியை ஓட்டினார்கள்; 1964-இல் 300 கோடி டாலர் அளவில் இருந்த வெளிநாட்டுக் கடன் ஆட்சி முடியும்போது 10,000 கோடி டாலர் அளவில் நின்றது. ஜெனரல் கைசெல் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் அரசு நிறுவனங்கள் பெருத்தன. அப்போதுதான் தொழிலதிபர்களுக்கு, எல்லாம் அரசுமயமாகிறதே என்ற கவலையும் ஜனநாயக ஞானமும் சேர்ந்து வந்தன. 1978-இல் அந்தோனியோ எர்மீரியோ டி மொராயிஸ், ஜோசே மிண்ட்லின் உள்ளிட்ட எட்டு பெரிய தொழிலதிபர்கள் கையெழுத்திட்டு ஜனநாயகம் வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள்.

கீழே நடந்தது வேறு. 1973-க்கு அரசு அறிவித்த பணவீக்கம் 15 சதவீத அளவு. அது பொய்க்கணக்கு என்பது 1977-இல் அம்பலமானது. சம்பளச் சூத்திரமே அந்த எண்ணில்தான் ஓடியது, நினைவிருக்கிறதா? பறிபோனது 34.1 சதவீதம் என்று தியெசெ கணக்குப் போட்டது. சாவோ பெர்னார்டோ உலோகத் தொழிலாளர் சங்கம் அந்த எண்ணைக் கையில் எடுத்தது. சங்கத் தலைவர் லூலா. 1978 மே 12 காலை ஸ்கேனியா லாரி ஆலைக்குத் தொழிலாளர்கள் வழக்கம்போல வந்தார்கள், வருகை அட்டையைக் குத்தினார்கள், இயந்திரங்களின் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் சுவிட்சைப் போடவில்லை. கோஷம் இல்லை, ஊர்வலம் இல்லை. சில வாரங்களில் அது சுற்றியுள்ள ஆலைகளுக்கெல்லாம் பரவியது.

யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

1979 ஆகஸ்டில் வந்த பொதுமன்னிப்புச் சட்டம் நாடு கடத்தப்பட்டவர்களைத் திரும்ப வரவிட்டது. சித்திரவதை செய்தவர்களையும் சேர்த்து மூடிக்கொண்டது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. உண்மை ஆணையம் 434 பேர் கொல்லப்பட்டோ காணாமல் போயோ இருப்பதாகப் பெயர் பெயராகப் பதிவு செய்தது. பழங்குடியினர் சாவு தனிக்கணக்கு: ஆணையம் ஆராய்ந்த 1946–88 காலத்தில் குறைந்தது 8,350 பேர். சாலை போட்டவர்களுக்கும் நிலம் பிடித்தவர்களுக்கும் அந்தச் சாவுகளில் பங்கு உண்டு. பத்திரிகை முதலாளிகளில், 1964 ஆதரவு தவறு என்று ‘ஓ குளோபோ’ 2013-இல் தலையங்கம் எழுதியது. 49 ஆண்டு தாமதம்.

அந்தப் பதிமூன்றாம் சம்பளம் என்ன ஆனது?

இராணுவம் கூட அதில் கை வைக்கவில்லை. 1988 அரசியல் சட்டத்திலேயே உரிமையாக எழுதிவிட்டார்கள். முதல் பாதி நவம்பர் 30-க்குள், மீதி டிசம்பர் 20-க்குள். கடைக்காரர்கள் அந்தத் தேதிகளைப் பார்த்துத்தான் கிறிஸ்துமஸ் சரக்கு இறக்குகிறார்கள். இவ்வாண்டு பதிமூன்றாம் சம்பளத்தால் சந்தைக்கு எத்தனை கோடி வரும் என்று ஒவ்வொரு நவம்பரிலும் பத்திரிகைகள் மகிழ்ச்சியோடு கணக்குப் போடுகின்றன. ‘ஓ குளோபோ’வும் போடுகிறது.